பீலிக்கரையில் கேட்ட ஓசை



மலைநாட்டு நீர்வீழ்ச்சிகள் என்றதும் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருபவை பாதையோரத்து நீர்வீழ்ச்சிகள்தாம். ஹற்றனிலிருந்து தலவாக்கலைக்குப் போகிறவர் டெவோனையும் சென். கிளயரையும் பஸ்ஸில் இருந்தபடியே பார்த்துவிடலாம். றம்பொடையில் வாகனத்தைச் சற்று நிறுத்தினால் போதும். கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாயாவுக்கு இறங்குகிறவருக்குத் தலைக்கு மேலே 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும விழுவது தெரியும். அவித்த சோளம் விற்கிறவர்கள், படம் பிடிக்கிறவர்கள், பிள்ளைகளைக் கையில் இறுக்கிப் பிடித்திருக்கும் தாய்மார் என்று அந்த இடங்களுக்கெல்லாம் ஒரே முகம்.

இன்னொரு வகை உண்டு. நடந்து போனால் மட்டுமே முகம் காட்டுபவை. இலங்கையின் மிக உயரமான பம்பரகந்தவே அந்த வகைதான். 263 மீற்றர் உயரமுள்ள அதைக் காண, களுபஹனவில் பிரதான வீதியை விட்டு மலைக்குள் ஏற வேண்டும். நான் இன்று சொல்ல வந்தது அதைப் பற்றியல்ல. உயரத்தில் அதன் ஐந்திலொரு பங்குகூட இல்லாத, ஏறத்தாழ 50 மீற்றரே கொண்ட பொம்புரு எல்ல பற்றி. ஊவா பரணகமப் பகுதியில், பதுளை மாவட்டமும் நுவரெலியா மாவட்டமும் தொட்டுக்கொள்ளும் எல்லையில், மரக்கறித் தோட்டங்களுக்குப் பின்னால் காட்டுக்குள் ஒளிந்திருப்பது அது. உயரத்துக்கு அல்ல, அகலத்துக்குப் பேர் போனது. 2023 ஆகஸ்டில் அங்கே போனேன். போனது பார்ப்பதற்காக. நடந்தது வேறு.

முதலில் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. டெவோன் என்பது ஒரு கோப்பித் தோட்டத்துரையின் பெயர் என்பார்கள். அபர்டீன், சென். அன்றூஸ் எல்லாம் துரைமார் கப்பலில் கொண்டுவந்த பெயர்கள். சிங்களக் கிராமத்தவர் இட்ட பெயர்களோ அந்த இடத்திலேயே முளைத்தவை. பொம்புரு என்பது அந்தக் காட்டில் நிற்கும் ஒரு மரத்தின் பெயர். தோட்டத்துத் தமிழர்களும் தங்கள் மலைகளில் விழுந்த தண்ணீருக்கெல்லாம் பெயர் வைத்திருந்தார்கள். அவை எந்த வரைபடத்திலும் ஏறவில்லை. லயத்துக்கு லயம் மாறி, ஆட்களோடு போய்விட்டன.

சொற்களும் அப்படித்தான். நாம் செய்தியில் வாசிப்பதும் பாடப்புத்தகத்தில் படிப்பதும் ‘நீர்வீழ்ச்சி’. நமது பழைய சொல் ‘அருவி’. சிங்களத்தில் அது ‘எல்ல’. அந்த மொழியிலேயே ‘எல’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. ஓடை என்றும் வாய்க்கால் என்றும் அதற்குப் பொருள். காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலக் கேட்கும் இந்த இரண்டுக்கும் இடையிலேதான் அந்த நாட்டுப்புறத்தின் வாழ்க்கை முழுவதும் கிடக்கிறது என்பதை அன்றைக்கு நடந்தபோதுதான் விளங்கிக்கொண்டேன். எல்லயைப் பார்க்கப் போகிறவர் எலயின் கரையிலேதான் நடக்க வேண்டும். வேறு பாதையில் நான் போகவில்லை.

தோட்டத்துத் தமிழில் இவை இரண்டுமல்லாத ஒரு சொல் உண்டு. பீலி. மேலேயிருந்து வரும் ஊற்று நீரை மூங்கிலாலோ தகரத்தாலோ ஏந்தி, ஆள் உயரத்திலிருந்து விழச் செய்தால் அது பீலி. குடிக்க, குளிக்க, துவைக்க, சண்டை பிடிக்க, சம்பந்தம் பேச, எல்லாவற்றுக்கும் பீலிக்கரைதான். மலையகச் சிறுகதைகளை எடுத்துப் பாருங்கள். நான் படித்த அளவில் அருவியைக் காண்பது அரிது. பீலியைக் காணாமல் இருப்பதும் அரிது. அருவி விருந்தாளிக்கு உரியது, பீலி வீட்டுக்காரருக்கு உரியது என்று நான் ஒரு கூட்டத்தில் சொல்லப்போய், ஒரு நண்பர் கோபித்துக்கொண்டார். ஏழைகளுக்கு அழகுணர்ச்சி இல்லையென்று சொல்ல வருகிறீரா என்று கேட்டார். அவருக்கு அன்று நான் சரியான பதில் சொல்லவில்லை.

நான் பிறந்தது பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். எங்கள் லயத்துக்கு மேலே ஒரு அருவி இருந்தது. இருந்தது என்று சொல்கிறேனே தவிர, நான் அதைக் கண்டதில்லை. தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், ஒரு பாறை மடிப்புக்குள் அது விழுந்துகொண்டிருந்தது. அங்கே முனி இருக்கிறது, பிள்ளைகள் போகக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். வழுக்குப் பாறையைவிட முனிக்குத்தான் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்பது பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் இரவில், லயத்தில் எல்லாக் காம்பராக்களும் அடங்கிய பிறகு, அதன் சத்தம் கேட்கும். எங்கள் பீலிக்குத் தண்ணீர் வந்தது அதிலிருந்துதான்.

அம்மா கொழுந்து பறிக்கிறவர். அப்பா நான் சிறுவனாயிருந்தபோதே போய்விட்டார். விடிய முன்னர் தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, எங்களை எழுப்பிவிட்டு, பிரட்டுக்களத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அன்றைய பேர் போனதுதான். நல்ல மழைக்காலத்தில் பீலியில் ஒரு குடம் நிரம்ப ஒரு பாட்டின் பல்லவி பாடும் நேரம் போதும். வரட்சியில் ஒரு முழுக் கதையே சொல்லி முடிக்கலாம். அப்போது வரிசை நீளும். ஆகவே எத்தனை மணிக்கு எழும்புவது என்பது ஒவ்வொரு நாளும் தீர்மானிக்க வேண்டிய விடயம்.

அம்மா அதைத் தீர்மானித்த விதம் இதுதான். விளக்கை அணைக்க முன்னர் இஸ்தோப்புக்கு வந்து நிற்பார். முக்காட்டை ஒரு பக்கம் விலக்கி, மலைப்பக்கம் காதைக் கொடுப்பார். நாங்கள் உள்ளே ஏதாவது சத்தம் போட்டால் “சும்மா இருங்கடா” என்று ஒரு அதட்டல். பிறகு உள்ளே வந்து, “இன்னைக்குச் சத்தம் இளைச்சிருச்சு. வெள்ளன எழும்பணும்” என்பார். அல்லது ஒன்றும் சொல்லாமல் படுத்துவிடுவார். ஒன்றும் சொல்லாவிட்டால் தண்ணீர் தாராளம் என்று பொருள்.

பின்னர் நான் படித்து, ஆசிரியனாகி, கொழும்புக்கு வந்து, தமிழ் இலக்கியம் கற்பித்தேன். குறிஞ்சித் திணையைக் கற்பிக்கும்போதெல்லாம் ‘மலையும் மலை சார்ந்த இடமும்’ என்று கரும்பலகையில் எழுதினேன். எங்கள் லயத்துக்கு மேலே விழுந்த அருவி ஒருநாளும் நினைவுக்கு வந்ததில்லை. அது இலக்கியத்தில் சேர்ந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மா காலமாகி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்த காலத்தில் கால் ஏறவில்லை. பொம்புரு எல்லவுக்கு ஏறுவது அத்தனை கடினமில்லை என்று தங்கையின் மகன் சொன்னான். அதனால்தான் புறப்பட்டேன். ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று.

மருமகன் பண்டாரவளையில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவன். அவனுடைய வண்டியிலேயே வெலிமடைக்குப் போனோம். ஆகஸ்ட் மாதத்து ஊவாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வரண்ட காற்று மலையைத் தடவிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றுத்தான் இந்த மாதங்களில் ஊவாத் தேயிலைக்கு அதன் மணத்தைக் கொடுக்கிறது என்பார்கள். தேயிலைக்கு வாசனை கொடுக்கும் அதே காற்று மரக்கறிச் செய்கைக்காரனின் வாய்க்காலை உலர்த்துகிறது.

வெலிமடையைத் தாண்டியதும் தேயிலை பின்வாங்கிவிடும். பள்ளத்தாக்கு முழுவதும் படிப்படியாக வெட்டிய வயல். பெரும்போகத்தில் நெல் விளையும் அதே வயலில் சிறுபோகத்துக்கு உருளைக்கிழங்கும் போஞ்சியும் போடுவார்கள். சரிவுகளில் லீக்ஸ், கரட், கோவா. காற்றில் கோழி எருவின் நாற்றமும் கிருமிநாசினியின் நாற்றமும் மாறி மாறி வரும். சாக்கு மூட்டைகளோடு லொறிகள் கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்தை நோக்கி விரையும். அந்தப் பெயருக்குரிய கெப்பெட்டிப்பொல திசாவையை 1818இல் வெள்ளைக்காரர் சிரச்சேதம் செய்தனர். அந்த ஆண்டு ஊவாக் கிளர்ச்சியை அடக்கியபோது வீடுகளையும் பயிர்களையும் மட்டுமல்ல, குளங்களையும் வாய்க்கால்களையும் சேர்த்தே அழித்தார்கள். தண்ணீரை அழித்தால் ஊர் அழியும் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்தப் பள்ளத்தாக்குகளில் ஒரு வாய்க்கால் ஓடிக்கொண்டிருப்பதைச் சாதாரணமாகக் கடந்து போகக்கூடாது.

பெரவெல்லப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம். வாய்க்கால் ஒரு முழத்துக்குச் சற்று அதிக அகலம். மலைச்சரிவின் வளைவு நெளிவை விட்டு விலகாமல், இறங்குவது கண்ணுக்குத் தெரியாதபடி மெல்ல இறங்கி வருகிறது. அதை வெட்டியவன் எந்தக் கல்லூரியில் படித்தானோ? ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு மடை. மடைக்கு அடைப்பு, பழைய உரப்பையில் மண் நிரப்பி வைத்தது. பாதை என்பது வாய்க்காலின் வரம்புதான். எதிரே ஒருவர் வந்தால் ஒருவர் தண்ணீரில் கால் வைக்க வேண்டும். சப்பாத்தோடு வந்த நானே வைத்தேன்.

எதிரே வந்தவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு சிங்களப் பெரியவர். மண்வெட்டியால் வாய்க்காலில் விழுந்த சருகை அள்ளிக்கொண்டு வந்தார். மருமகன் தண்ணீராகச் சிங்களம் பேசுவான். எனக்கும் ஓரளவு வரும். “எல்லயைப் பார்க்கவா, மாத்தயா?” என்று கேட்டார். ஆம் என்றோம். “போங்கள். வாய்க்காலில் சவர்க்காரம் போட வேண்டாம்” என்றார். குளிக்க வருகிறவர்கள் சம்பூ உறைகளையும் போத்தல்களையும் விட்டெறிகிறார்களாம், அவை வந்து மடையை அடைக்கின்றனவாம். தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்கள். இந்தப் பக்கத்துப் பாத்திகளுக்குப் பகல், மறுபக்கத்துக்கு இரவு. இரவு முறைக்காரன் பனியில் நின்று மடை காக்க வேண்டும்.

2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்ட காலம் எப்படி என்று கேட்டேன். ஏப்ரல் இறுதியில் அறிவித்து, விவசாயிகள் வீதிக்கு இறங்கிய பிறகு நவம்பரில் விலக்கிக்கொண்டார்கள் அல்லவா? பெரியவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். “அந்த வருடம் தண்ணீர் இருந்தது, உரம் இல்லை. அடுத்த வருடம் உரம் வந்தது, அதன் விலை எட்டவில்லை. இப்போது இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. கிழங்குக்குத்தான் விலை இல்லை” என்றார். பிறகு எங்களுக்கு வழி விட, அவரும் தண்ணீரில் காலை வைத்தார்.

காடு திடீரென்று தொடங்கியது. வெயில் நின்றது. வரம்பு ஈரமாகிக் கல்லும் வேருமாக ஏறத் தொடங்கியது. அட்டைகள் சப்பாத்தின் வாயைத் தேடின. மேலே கந்தப்பளை, சீத்தாஎலியப் பக்கத்துக் காட்டு ஒதுக்கத்தில் ஊறும் தண்ணீர்தான் இந்த அருவியாகிறது. அந்தக் காட்டை வெட்டிக் கிழங்கு போட்டிருந்தால் கீழே கிழங்கு போட ஒருவருக்கும் தண்ணீர் இருந்திராது.

முதலில் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தேன். சத்தம் கேட்டது. ஆனால் அது ஒரு சினிமாப் பாட்டு. திருப்பத்தில் ஏறியதும் விடயம் விளங்கியது. இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு பெரிய ஒலிபெருக்கியைப் பாறையில் வைத்துவிட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், ஒலியில்லாத பழைய சினிமாப் படம் போல, பொம்புரு எல்ல விழுந்துகொண்டிருந்தது.

அழகாக இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஒரே தாரையாக விழாமல், அகன்ற பாறை முகத்தில் தண்ணீர் பல கிளைகளாகப் பிரிந்து, சில இடத்தில் நூலாகவும் சில இடத்தில் போர்வையாகவும் இறங்கி, கீழே மீண்டும் ஒன்று சேர்கிறது. சில கிளைகள் மரங்களுக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கின்றன. முழு அருவியையும் ஒரே பார்வையில் பிடிக்க முடியாது. தலையைத் திருப்பித் திருப்பித்தான் பார்க்க வேண்டும். துவாலை முகத்தில் பட்டது. மருமகன் என்னை நிற்க வைத்துப் படம் எடுத்தான். இத்தனையும் இருந்தும் எனக்கு ஏதோ குறைந்தது. அம்மா இஸ்தோப்பில் நின்று எங்களை அதட்டிய அதே அதட்டல் தொண்டை வரைக்கும் வந்தது. நல்ல வேளையாக, வாத்தியார் தொழிலை விட்டுப் பல காலமாகிவிட்டபடியால் அடக்கிக்கொண்டேன். அவர்களும் நல்ல பிள்ளைகள்தாம். எங்களுக்குப் பிஸ்கட் தந்தார்கள்.

அவர்கள் போக ஒரு மணித்தியாலம் எடுத்தது. பாட்டு மரங்களுக்குள் மெல்லத் தேய்ந்தது. பிறகுதான் அருவி வந்தது. ஒரு சத்தம் என்று நினைத்திருந்தேன். பல சத்தங்கள். ஓரத்து நூல்களின் சலசலப்பு ஒன்று. நடுவில் பாறையில் அறைவது ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில், காதைவிடக் காலுக்குத் தெரிகிற ஒரு அதிர்வு.

பத்துப்பாட்டில் ஒன்றுக்கு மலைபடுகடாம் என்று பெயர். பாடியவர் பெருங்கௌசிகனார். மலையை யானையாக வைத்து, அந்த யானையில் பிறக்கும் ஓசை என்று நூலுக்கே பெயரிட்டார்கள். மலையில் எழும் ஓசைகளையெல்லாம் அதில் ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்கிறார் புலவர். அருவியோசையும் அவற்றில் ஒன்று. நானும் அந்தப் பகுதியைக் கற்பித்திருக்கிறேன், பட்டியலாக. பரீட்சைக்கு வரும், குறித்துக்கொள்ளுங்கள் என்று. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் பெண்கள் தினைப்புனம் காக்கிறவர்கள். கிளி ஓட்டிவிட்டுத்தான் அருவியில் ஆடுகிறார்கள். பூப்பறிக்கிறார்கள். அந்தப் பூக்களின் எண்ணிக்கையை மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். புனத்தில் வேலை செய்தவர்கள் அவர்கள் என்பதை நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். பயிரும் அருவியும் அந்தப் பாட்டில் ஒரே இடத்தில் இருக்கின்றன. பிரித்தது நாம்.

திரும்பி வரும்போது பிற்பகல் மூன்று மணி இருக்கும். காட்டை விட்டு வெளியே வந்த இடத்தில், லீக்ஸ் பாத்தியில் ஒரு அம்மா புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் சாக்கு, இடுப்பில் படங்கு. அந்த உடுப்பைப் பார்த்தால் எனக்கு வேறு அடையாளம் தேவையில்லை. வணக்கம் சொன்னேன்.

“தமிழ் ஆளுங்களா! எந்தத் தோட்டங்க ஐயா?” என்றார் நிமிர்ந்து.

சொன்னேன். அவருக்கு அந்தத் தோட்டத்தைக் கேள்விப்பட்ட ஞாபகம் இருந்தது. மேலே தோட்டத்து லயத்தில்தான் வீடு என்றார். தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று 2021இல் நிர்ணயித்தார்கள். கிலோக் கணக்கு நிறையாவிட்டால் அதுவும் முழுதாகக் கிடைப்பதில்லை. அதனால் கிழமையில் சில நாள் இங்கே கைக்காசு வேலைக்கு இறங்கி வருகிறார். பதினான்கு வருடமாக இந்தப் பாத்திகளில்தான்.

“அருவியை அடிக்கடி பார்ப்பீர்களாக்கும்” என்றேன். இலக்கியக்காரனுக்கு வரும் பேச்சு.

“அங்க நான் போனதில்லைங்களே.”

எனக்கு வாயடைத்துப் போயிற்று. பதினான்கு வருடம். நடந்தால் அரை மணித்தியாலம்.

“போயி வந்தா அரைப்பேரு போயிரும்ங்க” என்றார். இங்கே செக்ரோலும் இல்லை, கணக்கப்பிள்ளையும் இல்லை. ஆனால் பேரும் அரைப்பேரும் மலை இறங்கி வந்திருக்கின்றன. பிறகு என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, சமாதானம் சொல்கிறவர் போலச் சொன்னார்: “ஆனா எனக்கு அதத் தெரியும்ங்க ஐயா. சத்தத்துல தெரியும்.”

எப்படி என்று கேட்டேன். புல்லைப் பிடுங்கியபடியே சொன்னார். எனக்கு மறந்துவிடக்கூடாது என்று வண்டியில் ஏறியதும் எழுதி வைத்தேன்.

“சத்தம் கும்முனு அடியில கேட்டுச்சுன்னா மேல காட்டுல மழை. இங்க வெயிலடிக்கும். ஆனா கொஞ்ச நேரத்துல வாய்க்கால்ல செவப்புத் தண்ணி வந்துரும். அப்ப மடையத் தொறக்கப்படாது. கண்டெல்லாம் சேறு மூடிரும். மொதலாளி இல்லாத நாள்ல நான்தான் ஓடிப்போயி அடைப்பேன். சத்தம் சன்னமாயி ஊசி மாதிரி ஆச்சுன்னா, ரெண்டு மூணு நாள்ல மொற வச்சிருவாங்க. அதுக்குள்ள நம்ம பாத்திக்குப் பாச்சிக்கணும். காத்து மாறுனா சத்தமும் மாறுங்க. அதக் கழிச்சுப் பாக்கணும்.”

கழிச்சுப் பாக்கணும். காற்று கொண்டுவருவதையும் கொண்டுபோவதையும் கழித்து, மிஞ்சும் சத்தத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். முப்பது வருடம் மலைபடுகடாம் கற்பித்தவனுக்கு இது தெரியாது. அம்மா முக்காட்டை எந்தப் பக்கம் விலக்கினார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காற்று வராத பக்கம்.

“இன்றைக்குச் சத்தம் எப்படி?” என்றேன்.

“இன்னைக்கு ஒண்ணும் கேக்கலைங்க. காலையிலருந்து பாட்டுத்தான் கேட்டுச்சு. நீங்களா?”

இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான். அவரும் சிரித்தார். பிறகு அம்மாவின் கதையைச் சொன்னேன். இஸ்தோப்பில் நிற்பதை, சத்தம் இளைத்ததை, வெள்ளன எழும்புவதை. அவருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் பீலி எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று மட்டும் கேட்டார். கீழ்ப்பக்கம் என்றேன். “அப்ப மார்கழியில நல்லா வந்திருக்கும்” என்றார். சரிதான். வடகீழ்ப் பருவமழை எங்கள் பக்கத்துக்குத்தான் பெய்யும்.

புறப்படும்போது அவர் கையை நிறுத்தி, தலையைச் சற்றுச் சரித்தார். நாங்களும் பேசாமல் நின்றோம். எனக்கு வாய்க்கால் ஓடுவது மட்டுமே கேட்டது.

“மழை இல்லேன்னா சனிக்கிழமை மொற வப்பாங்க” என்றார்.

இறங்கும் வழியில் மருமகன் உமா ஓயாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தான். இந்தத் தண்ணீர் சேர்வது அந்த ஆற்றில்தான். உமா ஓயா மகாவலியில் விழ, மகாவலி திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் கடலோடு சேரும். காலம் காலமாக அதுதான் இதன் வழி. அதை மலைக்கு அடியால் சுரங்கம் குடைந்து தெற்கே கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்பும் வேலை நடந்தபோது, 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டது. பண்டாரவளைச் சுற்றுப்புறத்தில் கிணறுகள் வற்றின, வீடுகளின் சுவர்கள் வெடித்தன. நாங்கள் போனபோது வேலை முடியும் தறுவாயில் இருந்தது. 2024 ஏப்ரலில் திறந்துவைத்தார்கள். 120 மெகாவாற் மின்சாரம். தெற்கில் வரண்ட வயல்களுக்குத் தண்ணீர். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? கொழும்பில் என் வீட்டு விளக்கும் எங்கேயோ ஒரு அருவியின் தண்ணீரில்தான் எரிகிறது. 2012இல் மேல் கொத்மலை மின்நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகு சென். கிளயர் பழைய சென். கிளயராக இல்லை என்பதும் யாவரும் அறிந்ததே. ஆனால் நிலத்துக்கு அடியால் போகும் தண்ணீருக்குச் சத்தம் இல்லை. எவ்வளவு போகிறது என்று இஸ்தோப்பில் நின்று ஒருவரும் சொல்ல முடியாது.

அடுத்த கிழமை மருமகன் வெலிமடைக்கு ஓட்டம் போனவன் தொலைபேசியில் சொன்னான். பெரவெல்லப் பக்கம் முறை வைத்துவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து. அந்த அம்மா சொன்னதற்கு ஒரு நாள் பிந்தி.

அதன் பிறகு 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயலோடு வந்த பெருமழை மலைநாட்டைச் சிதைத்ததை நீங்கள் அறிவீர்கள். பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள். லயங்கள் புதைந்தன, பாதைகள் அற்றுப்போயின. அந்த நாட்களில் மருமகனோடு தொடர்பு கிடைக்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது. அவன் நலம். பொம்புரு எல்லப் பக்கம் என்ன நிலை என்று கேட்டேன். தெரியவில்லை மாமா, றோட்டு இல்லை என்றான். அந்த அம்மாவைப் பற்றி விசாரிக்க முடியுமா என்று கேட்டேன். பெயர் என்ன, எந்தத் தோட்டம் என்றான்.

எந்தத் தோட்டம் என்று அவர் என்னைக் கேட்டார். நான் அவரைக் கேட்கவில்லை.